மாமனார் தெருவுக்குள் வரக் கூடாத வண்டி

ஸ்க்ரூ டிரைவரை நான் லேசாகத்தான் ஊன்றினேன். அது கைப்பிடி வரைக்கும் உள்ளே இறங்கிவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலியார்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கத்தில், ஒரு பழைய பிரெஞ்சு பிக்கப் வண்டிக்குள், ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடத்தில் குந்தியிருந்தேன். தரைத் தகரம் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று பார்க்கத்தான் குத்தினேன். துருப்பிடித்த தகரம் என்றால் நறநறவென்று உதிரும். இதுவோ வெண்ணெய்போல உள்ளே வாங்கிக்கொண்டது. பிடுங்கிப் பார்த்தால் நுனியில் கறுப்பாகப் பிசின், பிசினோடு நூல். முகர்ந்து பார்த்தேன். மீன் எண்ணெயும் குங்கிலியமும் மணத்தன.

பஞ்சாலையில் பிட்டராகப் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியவனுக்கு நூலைத் தெரியாதா? காடாத் துணி. எங்கள் ஊர் ஆலைகளில் நெய்கிற அதே காடா. ஆத்திரத்தில் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். பாய் சுருட்டுவதுபோல மொத்தத் தரையும் கையோடு வந்தது. எட்டு பத்து மடிப்பாகத் துணியைப் போட்டு, படகு ஓட்டையை அடைக்கிற மாதிரி குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி, மேலே பச்சை பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். நான் குந்தியிருந்த குறுக்குச் சட்டம் மட்டும்தான் இரும்பு. அதற்கு இரண்டு பக்கமும் எங்கள் வீட்டு முருங்கைச் சருகு தெரிந்தது.

இந்தத் துணிமேல் காலை வைத்துக்கொண்டு ஒருவர் வருடக் கணக்கில் மீன் கூடை ஏற்றி ஊருக்குள் ஓட்டியிருக்கிறார். நினைக்க நினைக்க எனக்கு வியர்த்தது.

“என்னாங்க, கத்தறீங்க?” என்று உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். சுருட்டிய தரையைத் தூக்கிக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “சட்டையே தைக்கலாம் போலிருக்கே” என்றாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அதற்குப் பிறகு எத்தனையோ பழைய வண்டிகளைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். முதல் வண்டி இதுதான். இதை நான் ஆசைக்காக எடுக்கவில்லை. என் மாமனார் ஒரே ஒரு முறை என் வீட்டுப் படியை மிதிக்க வேண்டும், அதற்காக எடுத்தேன்.

மாமனார் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, இந்தோசீனாவில் சண்டை போட்டு, பென்ஷனோடு திரும்பி வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு ஒரே மகள். அவளுடைய வலது பாதம் உள்பக்கமாக மடிந்திருக்கும். சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். ஒன்றரை வயதில், சொன்ன பேச்சைக் கேட்காமல் மாடிப்படியில் ஏறி விழுந்துவிட்டாள் என்று அந்த வீட்டில் சொல்வார்கள். அவளும் அப்படியேதான் சொல்வாள். “செஞ்ச சேட்டைக்குக் கெடச்ச கூலி” என்று அவளே சிரிப்பாள்.

அவளை பாரீசில் வேலையில் இருக்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, அங்கே பெரிய டாக்டரிடம் காட்டிக் காலைச் சரி பண்ண வேண்டும் என்று மாமனார் தலைகீழாக நின்றார். நடுவில் நான் புகுந்தேன். அவள் வீட்டில் துணி தைத்துக் கொடுப்பாள். இடது காலாலேயே மெஷின் மிதிப்பாள். அந்த மெஷினை ரிப்பேர் பண்ண வந்தவன்தான் நான். ஒரு தடவை பண்ண வேண்டிய ரிப்பேரை எட்டு தடவை பண்ணினேன். விஷயம் தெரிந்தபோது மாமனார் என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் கேட்டார்: “நீ அவ கால சரி பண்ணுவியா?”

நான் கோபக்காரன். மூக்கு மேலேயே இருக்கும் எனக்குக் கோபம். “கால் இப்பிடி இருந்தாலும் எனக்குச் சரிதான்” என்று எகிறினேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக வேறு நினைத்துக்கொண்டேன். அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்கப்புறம் ஆறு வருடம் என் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மகள் ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நான் சைக்கிள் கேரியரில் அவளை ஏற்றிப் போய், தெருமுனையில் இறக்கிவிட்டு, அங்கேயே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் வீடு திரும்பும்போது அவள் என் முதுகுக்குப் பின்னால் பேசாமல் வருவாள். எனக்கு அது என்னவோ செய்யும். அப்பாவும் புருஷனும் ஒரே அறையில் உட்கார்ந்து காப்பி குடிப்பதைப் பார்க்கும் கொடுப்பினை அவளுக்கு இல்லாமல் போனது என்னால்தானே?

மாமனார் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. தலையில் தொப்பியோடு, ஒரு காலைப் படிப்பலகையில் தூக்கி வைத்துக்கொண்டு, புது பிக்கப் வண்டி ஒன்றின் பக்கத்தில் அவர் நிற்பார். பட்டாளத்திலிருந்து வந்ததும் வாங்கிய வண்டியாம், வாடகைக்கு ஓட்டியிருக்கிறார். “எனக்கு ஒன்றர வயசு இருக்கும்போது வித்துட்டாரு. ஏன்னு தெரியல. அந்த போட்டோவ மட்டும் எங்கம்மா கழட்டவே வுடல” என்று மனைவி சொல்லியிருந்தாள். மெஷின் ரிப்பேர் பண்ணப் போன எட்டு தடவையும் நான் அந்த போட்டோவைப் பார்த்திருக்கிறேன். பிட்டர் கண்ணல்லவா, மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல வண்டியைப் பார்த்து வைத்திருந்தேன். தவளைக் கண்போல பிதுங்கிய விளக்குகள், மூக்கு நீண்ட பானெட், எதையும் மறக்கவில்லை.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கப் போனபோது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். படகுகளுக்கு நடுவில், டயர் எல்லாம் மணலில் புதைந்து, மேலே வலையைக் குவித்துப் போட்டபடி, பச்சை நிறத்தில் அதே வண்டி நின்றிருந்தது. அதே விளக்கு, அதே மூக்கு. பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாதான் வண்டிக்குச் சொந்தக்காரி. அறுபதைத் தாண்டியவர். ஒரு சொல்தாவிடம் வாங்கியது என்றும், இருபது வருடத்துக்கு மேல் தன் தம்பி அதில் மார்க்கெட்டுக்கு மீன் ஓட்டினார் என்றும், இப்போது வலை போட்டு வைக்கத்தான் ஆகிறது என்றும் சொன்னார்.

நான் யார் என்று சொல்லவில்லை. பிட்டர், ரிப்பேர் பண்ணி ஓட்டப் போகிறேன் என்றேன். இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டார். ஆனால் வலையை இறக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, ஒரு வார்த்த. வண்டிய வித்தவரு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு. இது அவரு தெருவுக்குள்ள வரவே கூடாது, அவரு கண்ணுல படவே கூடாது. கலர மாத்திடுன்னாரு, ஒடனே மாத்திட்டேன். இத்தினி வருசமா மார்க்கெட்டுக்குச் சுத்திக்கினுதான் போனோம். நீயும் அப்பிடியே நடந்துக்க.”

“ஏன் அப்பிடிச் சொன்னாரு?”

“நான் கேக்கல. அவரு மூஞ்சிய பாத்தா கேக்கற மாதிரி இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என் மாமனாரின் வீம்பு எனக்குத் தெரியாதா? தன் வண்டியில் மீன் கூடை போவதைப் பார்க்க அவருக்குப் பொறுத்திருக்காது, அவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டினேன். அந்த அம்மா கொடுத்த வாக்கு மீன் வண்டிக்குத்தானே. நான் புது வண்டியாக ஆக்கிக் கொண்டுபோனால் அது எப்படிப் பொருந்தும்? ஒவ்வொரு ஜூலை பதினாலாம் தேதியும், பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளன்று, சொல்தாக்கள் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் அணிவகுத்துப் போவார்கள். ‘கத்தோர்ஸ் ழுய்யே’ வருகிறது என்று மாமனார் ஒரு மாதம் முன்பே தன் கோட்டை எடுத்து வெயிலில் காயப்போடுவார். அடுத்த வருடம் அந்த நாளில், அவருடைய வண்டியை அவர் வாங்கின அன்று இருந்த மாதிரியே ஆக்கி, அவர் வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, “ஏறுங்க மாமா” என்று சொல்ல வேண்டும். மனதுக்குள் அந்தக் காட்சியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேனோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவர் கண் கலங்குவார்.

வண்டியை மாட்டுவண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தோம். குப்பமே கூடி நின்று கைதட்டியது. அந்த அம்மா கொடுத்த வாக்கை நாமும் காப்பாற்றலாம் என்று, மாமனார் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் வந்தேன். அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் உண்மையான காரணம்.

தரை துணியாக இருந்தது முதல் அதிர்ச்சி. அடுத்தது என் சொந்தத் தொழிலிலேயே விழுந்தது. எங்கள் ஆலை மெஷின்கள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தவை. போல்ட், நட்டு எல்லாம் அங்குலக் கணக்கு. என்னிடமிருந்த ஸ்பேனர்களும் அதே கணக்கு. இந்த வண்டியோ பிரெஞ்சுக்காரன் செய்தது, எல்லாம் மில்லிமீட்டர். அரை அங்குல ஸ்பேனர் பன்னிரண்டு மில்லி போல்ட்டில் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த மாதிரி நம்மை நம்பவைக்கும். பலம் கொடுத்துத் திருப்பினால் நழுவி, போல்ட் தலையின் ஆறு மூலைகளையும் மழித்துவிடும். முதல் நாளே பதினோரு போல்ட்டுகளை மொழுமொழுவென்று கோலி குண்டாக்கினேன். துரு என்று நினைத்து மேலும் மேலும் பலம் கொடுத்தேன். பன்னிரண்டாவதில் ஸ்பேனர் எகிறி என் முட்டியைப் பெயர்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு அளவெடுக்காமல் கை வைத்திருக்கிறேன். ஸ்பேனரை முருங்கை மரத்தில் வீசி அடித்தேன். அன்று ராத்திரி சாப்பாட்டில் முருங்கைக்காய் இருந்தது வேறு எரிச்சலைக் கிளப்பியது.

அதற்கப்புறம்தான் நிதானத்துக்கு வந்தேன். சரியான ஸ்பேனர்களைத் தேடி வாங்கினேன். மழித்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக உளி வைத்துத் தட்டிக் கழற்றினேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் இருட்டும்வரை வண்டிக்குக் கீழேதான் கிடப்பேன்.

மனைவி கதவுப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உப்புத்தாளால் பெயின்ட் சுரண்டுவாள். போட்டோ கறுப்பு வெள்ளை. வண்டியின் அசல் நிறம் அவளுக்கும் நினைவில்லை. அப்பாவிடம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே சுரண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை இருந்தது, அதற்குக் கீழே செங்கல் நிறத்தில் ஒரு பூச்சு. ஒரு வாரம் கழித்து, “ஏங்க, வாங்களேன்!” என்று கூவினாள். ஓடிப் போனேன். கதவின் உள்பக்க மூலையில், உள்ளங்கை அளவுக்கு, சாம்பல் கலந்த நீலம் பளிச்சென்று தெரிந்தது.

அவள் அந்த நீலத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். “எங்கப்பா என்ன இதுல ஒக்கார வச்சி ஓட்டியிருப்பாரு இல்ல? எனக்குத்தான் ஒண்ணுமே ஞாபகம் இல்ல” என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கையோடு போய் அந்த நீலத்தைக் கலக்கி வாங்கி வந்து, ஒரு கதவுக்கும் பின்பக்க மட்கார்டுக்கும் அடித்துப் பார்த்தேன். தரையே இல்லாத வண்டிக்கு யாராவது பெயின்ட் அடிப்பார்களா? நான் அடித்தேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

மீதி இருந்தது சக்கரத்தின் நிறம். போட்டோவில் வண்டியைவிட வெளுப்பாகத் தெரியும். சுரண்டிப் பார்த்ததில் துருதான் வந்தது. “ஞாயித்துக்கெழம போவும்போது பேச்சுவாக்குல கேளு” என்று நான்தான் அவளிடம் சொன்னேன். அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன் என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஞாயிறு சாயந்திரம் டீக்கடைக்கு வந்தவள், சைக்கிளில் ஏறாமல் நின்றாள்.

“மஞ்சளாம்.”

“சொல்லிட்டாரா!”

“கேட்டு வாய மூடல, மஞ்சள்னு சொல்லிட்டாரு. அப்புறம் என்னயே பாத்தாரு. எதுக்குக் கேக்கறன்னாரு. எனக்கு மறைக்கத் தெரியலீங்க. வண்டி நம்ம வூட்ல நிக்குதுன்னு சொல்லிட்டேன்.”

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. ஒரு வருடத் திட்டம் பாழ். “என்னா சொன்னாரு?” என்றேன்.

“ஒண்ணும் சொல்லல. காப்பி ஆறிப்போச்சி, தொடவே இல்ல.”

சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். கோபம்கூடப் போய்விட்டது.

மறுநாள் எனக்கு மத்தியான ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. மாமனார் இறங்கினார். வெள்ளைக் கால்சட்டை, முழுக்கைச் சட்டை, ஷூ. என் வீட்டு வாசலில் என் மாமனார்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையிலிருந்த கிரீசை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு, “வாங்க மாமா, வாங்க” என்றேன். மனைவி அடுப்படியிலிருந்து “அப்பா!” என்று சாய்ந்து சாய்ந்து ஓடி வந்தாள். அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, நேராகப் பின்பக்கம் போனார்.

வண்டியின் முன்பக்கம் அவர் போகவில்லை. புதிதாகப் பெயின்ட் அடித்த கதவைத் தொடவில்லை. சுற்றிக்கொண்டு வலதுபக்கப் பின்சக்கரத்தின் எதிரில் போய் நின்றார். அப்படியே நின்றார்.

“பாருங்க மாமா, அதே கலர்” என்றேன் பல்லை இளித்துக்கொண்டு.

“அப்பாவுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துடுச்சி” என்று மனைவி ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள்.

அவர் திரும்பினார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதுவரை பார்த்ததில்லை.

“யாருடா சொன்னது ஒனக்கு?”

“என்னா மாமா?”

“குப்பத்துல சொன்னாங்களா? இல்ல, வேற யாருனா பாத்தாங்களா? ஒன்ன மருமவன்னு ஏத்துக்கல. அதுக்கு இத தேடிப் புடிச்சி, அதே கலர அடிச்சி, எம் பொண்ணு கண்ணு முன்னாலயே நிறுத்தியிருக்க. இதுக்கு நீ என்ன வெட்டிப் போட்டிருக்கலாம்.”

“மாமா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சந்தோஷப்படுவீங்கன்னுதான்...”

“சந்தோஷமா?” அவர் என்னை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார். “ஆமாம்மா. ஆமா. நாந்தான் ஏத்தினேன். இந்தக் கைதான். போதுமா?”

“என்னாப்பா ஏத்தினீங்க?” என்றாள் அவள்.

உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். அவள் முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு மிச்சமிருந்தது. மாமனார் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் எதுவுமே தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வண்டியின் பின்சக்கரத்தையும் என் மனைவியின் காலையும் மாறி மாறிப் பார்த்தேன். வேண்டாம், வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது.

“வண்டிய பின்னால எடுத்தேன்” என்றார் தரையைப் பார்த்தபடி. “காலையில, எப்பவும் போல. நீ உள்ள ஒங்கம்மாகிட்ட இருக்கறன்னு நெனச்சேன். பிரெஞ்சு வண்டி, ஸ்டீரிங் எடது பக்கம் இல்லியா, இந்தப் பக்கம் தெரியாது. சத்தம் கேட்டுச்சி. எறங்கி வந்து பாத்தா...” கையை நீட்டிச் சக்கரத்தைக் காட்டினார். அதற்குமேல் சொல்லவில்லை.

அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. யாரும் நகரவில்லை.

“அப்ப, மாடிப்படி?” என்று கேட்டாள்.

“ஒங்கம்மாதான் டாக்டருகிட்ட அப்பிடிச் சொன்னா. போலீசு என்ன புடிச்சிக்கினு போயிடும், பென்ஷன் நின்னுடும்னு பயந்துட்டா. அப்புறம் கேக்கறவங்களுக்கெல்லாம் அதையே சொன்னோம். நீ வளந்து ஏன் இப்பிடி ஆச்சின்னு கேட்டப்ப ஒங்கிட்டயும் அதையே சொன்னோம். மாத்த முடியல.”

“நான் படியில ஏறவே இல்லியா?”

“இல்லம்மா.”

“ஒரு படி கூடவா?”

“ஒனக்கு அப்ப படி ஏறவே தெரியாதும்மா.”

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நெற்றியைச் சுருக்கி, எதையோ கணக்குப் போடுகிறவள்போல நின்றாள். எனக்கு மட்டும் மண்டைக்குள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அம்மா சாகும் தறுவாயில் இருந்தபோது இவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் சொன்ன பேச்ச கேட்டிருந்தா ஒனக்கு இவ்ளோ கஷ்டம் இல்லம்மா, என்ன மன்னிச்சிடு” என்று அழுதாளாம். அம்மா ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். கல்யாணமான புதிதில் என்னிடம் சொல்லியிருந்தாள். அம்மாவுக்குக் கடைசிவரை கோபம் தீரவில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். சினிமாவுக்குப் போனால் பால்கனி டிக்கெட் வேண்டாம் என்பாள். எந்த ஆபீசுக்குப் போனாலும் மாடி என்றால் என்னை அனுப்பிவிட்டுக் கீழே நிற்பாள். கேட்டால், “நான் ஏற்கெனவே விழுந்தவ” என்பாள். ஏறத் தெரியாத வயசில் ஏறி விழுந்ததாக முப்பது வருடம் தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்!

எனக்கு மாமனார் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தால் வாய் திறக்கவும் முடியவில்லை. அவர் என்னிடம் அன்றைக்குக் கேட்ட கேள்வி, “நீ அவ கால சரி பண்ணுவியா?” என்பது, இப்போது வேறு மாதிரி காதில் விழுந்தது. அவருக்கு மாப்பிள்ளை பார்க்கிற அவசரம் இல்லை. தன் பாவத்தை யாராவது கழுவித் தர மாட்டார்களா என்று அலைந்திருக்கிறார். நானோ அந்தப் பாவத்தைத் தேடிப் பிடித்து, துரு நீக்கி, புதுப் பெயின்ட் அடித்து அவர் எதிரில் நிறுத்தியிருக்கிறேன். கோபப்படவும் எனக்குத் தகுதி இல்லை.

என் மனைவி வீட்டுக்குள் போனாள். அடுப்பை அணைத்தாள். முகம் கழுவினாள். தடித்த அடிப்பாகம் வைத்துத் தைத்த அவளுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.

“எங்க போற?” என்று கேட்டேன். மாமனார் எழுந்து அவள் பின்னால் போனார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் போனேன். ரிக்‌ஷாக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தபடி வெறும் ரிக்‌ஷாவை உருட்டிக்கொண்டு வந்தார். “ஏறும்மா, வெயிலு” என்று மாமனார் இரண்டு தடவை சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. முதலியார்பேட்டையிலிருந்து அவர் வீடு வரைக்கும், அவ்வளவு தூரத்தை அவள் ஒரே மூச்சில் நடந்து நான் பார்த்ததில்லை. தெருமுனை டீக்கடை வந்தது. நான் வழக்கமாக நின்றுவிடும் இடம். நிற்காமல் நானும் அவர்களோடு உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை.

அந்த வீட்டில் மாடிப்படிக்கு ஒரு கதவு போட்டுப் பூட்டியிருக்கும். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது பூட்டியேதான் இருந்தது. மறுபடி ஏறி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவள் போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள். அப்பாவிடம் கையை நீட்டினாள்.

“சாவி.”

மாமனார் கால்சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். நீட்டும்போது அது கீழே விழுந்தது. நான் குனிவதற்குள் அவளே எடுத்துக்கொண்டாள். பூட்டு சுலபமாகத் திறந்துவிட்டது. கதவுதான் பிடித்துக்கொண்டிருந்தது, தோளால் இடித்துத் தள்ளினாள். உள்ளே புறா எச்சமும் தூசியுமாகப் படிகள் மேலே போயின. கைப்பிடிகூட இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சுவரில் ஒரு கையை ஊன்றி, நல்ல காலை முதலில் வைத்து, மடிந்த காலைப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். பிறகு அடுத்த படி. பின்னாலேயே ஏறிப் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு காலை எடுத்து வைத்தேன். ஏனோ மனசு வராமல் நின்றுவிட்டேன்.

மாமனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“மெதுவாம்மா. சொவத்தப் புடிச்சிக்க. பாத்து, விழுந்துடப் போற” என்றார்.

பாதிப் படியில் அவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“விழ மாட்டேம்பா” என்றாள். “நான் எப்பவும் விழுந்ததே இல்ல.”